அணியத் தள்ளியும் தங்கவயல் மின்சாரமும்

பாய்ப்படகு நடுக்கடலில் இருக்கும் வரையில் கவலை குறைவு. கரைக்கு வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. 'தாரிணி' என்னும் நம் கடற்படைப் பாய்ப்படகு 2024 அக்டோபர் 2 ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு, 2025 மே 29 ஆம் நாள் திரும்பிய செய்தியை நண்பர்கள் படித்திருப்பீர்கள். அதில் சென்றவர்கள் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, லெப்டினன்ட் கமாண்டர் ரூபா என்னும் இருவரே. ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. படகின் நீளமோ பதினேழு மீட்டர். அத்தனை பெரிய படகை ஹார்ன் முனையைச் சுற்றி ஓட்ட இரண்டு பேர் போதும். அதே அளவுள்ள ஒரு படகைக் காற்று வீசும் மாலை நேரத்தில் குறுகிய துறையில் கொண்டுவந்து கட்ட இரண்டு பேர் போதுமா என்று கேட்டால், பழக்கமுள்ளவர்கள் சற்று யோசித்துத்தான் விடை சொல்வார்கள்.

காரணம் எளியது. படகைத் திருப்புவது சுக்கான். சுக்கான் வேலை செய்ய வேண்டுமானால் அதன்மேல் நீர் ஓடவேண்டும். நீர் ஓட வேண்டுமானால் படகு ஓடவேண்டும். துறைக்குள் வந்ததும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வேகம் குறைந்தவுடன் சுக்கான் வெறும் பலகை ஆகிவிடுகிறது. படகின் முன்முனையை நம் கரையோர மக்கள் அணியம் என்றும், பின்முனையை அமரம் என்றும் வழங்குகிறார்கள். சுக்கானும் எஞ்சினின் சுழல்விசிறியும் அமரத்தில் இருக்கின்றன. ஆகையால் அமரத்தை ஒருவாறு ஆட்டிவைக்கலாம். அணியத்தைப் பிடிப்பார் இல்லை. அங்கே படகின் அடிப்பாகம் நீரில் ஆழ்ந்திருப்பதில்லை. மேற்பாகமோ உயர்ந்து நிற்கிறது. பக்கவாட்டில் ஒரு காற்று வீசினால் அணியம் காற்றோடு போய்விடுகிறது. பின்னோக்கி எஞ்சினை ஓட்டினால் சுழல்விசிறி அமரத்தை ஒரு பக்கமாக இழுக்கும் வேடிக்கை வேறு.

இந்த அணியத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளுவதற்கென்று வைக்கும் பொறியே 'பௌ திரஸ்டர்'. இக்கட்டுரையில் அதை அணியத் தள்ளி என்று அழைப்போம். படகின் மூக்கில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்கே ஒரு குழாய் செல்லும். குழாயின் நடுவில் ஒரு சிறிய சுழல்விசிறி. குழாயின் மேல், படகின் உள்ளே, அதை ஓட்டும் மின்மோட்டார். அவ்வளவுதான்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரிலிருந்து கடல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆயினும் குழாய்க்குள் விசிறி என்று கேட்டதும் எங்கள் ஊரார்க்கு நினைவுக்கு வருவது சுரங்கம்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமுடையது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைத் தாண்டும். விசிறிகள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்ததால்தான் அங்கே மனிதர் வேலை செய்ய முடிந்தது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. சுரங்கத்து விசிறி நின்ற இடத்தில் நின்று காற்றைத் தள்ளியது. நமக்கு வேண்டியது அந்தக் காற்று. அணியத் தள்ளி நீரைத் தள்ளுகிறது. நமக்கு வேண்டியது நீர் அன்று, அந்த நீர் திருப்பித் தரும் உதை. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியில் படித்தோமே, அதுவே இங்கே படகைத் திருப்புகிறது. ஒரு நொடியில் தள்ளும் நீரின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் உதை கிடைக்கும். செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆகவே கொஞ்ச நீரை விரைவாக எறிவதைவிட, நிறைய நீரை மெதுவாக எறிவது சிக்கனம். ஒரே திறனுள்ள இரண்டு மோட்டார்களுள் அகன்ற குழாயில் வேலை செய்வது மிகுதியாக உதைக்கும்.

இந்தப் பொருளில் நான் இறங்கியதற்குக் காரணம் என் சித்தப்பா. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்ற எத்தனையோ பேருள் அவரும் ஒருவர். இப்போது கொச்சிப் பக்கம் ஒரு தனியார் பாய்ப்படகைப் பேணும் வேலையில் இருக்கிறார். போல்காட்டித் தீவில் படகுத்துறை அமைந்தபின் அப்பக்கம் இத்தகைய வேலைகள் உண்டாகியிருக்கின்றன. காயலில் ஏற்றவற்றத்து நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும். கடற்காற்று ஒரு பக்கம் தள்ளும். படகு சுவரில் மோதாமல் கையால் தாங்கப்போய் இரண்டு விரல்களின் நுனியை நசுக்கிக்கொண்டார். அதன்பின் படகுக்குரியவர் அணியத் தள்ளி ஒன்று வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். விலைப்பட்டியலை எனக்கு அனுப்பி, "நீ சயின்ஸ் படிக்கிறவன். இதுல எதுடா சரி? அவரு இருக்கிறதுலயே பெருசா வாங்கலாங்கிறாரு" என்று கேட்டார் சித்தப்பா. விரல் அவருடையது, ஆகவே விளையாட்டாக விடை சொல்ல முடியவில்லை.

படகின் நீளம் 12 மீட்டர். கண்ணாடி இழையால் ஆனது. முதலில் காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட வேண்டும். காற்றின் அழுத்தம் அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைப்பது. மணிக்கு 20 கடல்மைல், அதாவது நொடிக்கு 10.3 மீட்டர் வேகமுள்ள காற்றுக்கு இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 64 நியூட்டன். படகின் பக்கமும் அறையும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பு 17 சதுர மீட்டர். பாய்மரம், சுற்றிவைத்த பாய், கயிறுகள் ஆகியவற்றுக்கு 3 சேர்த்து 20 என்று கொள்வோம். பக்கங்கள் வளைந்திருப்பதால் முக்காற்பங்கு மட்டும் எடுத்தால் 960 நியூட்டன் வருகிறது.

இந்த விசை முழுவதையும் தள்ளி தாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. இங்கே நெம்புகோல் உதவிக்கு வருகிறது. அமரத்தைச் சுழல் மையமாகக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். காற்றின் விசை படகின் நடுவில், அமரத்திலிருந்து 6 மீட்டரில் தாக்குகிறது. தள்ளியோ 11 மீட்டரில் நிற்கிறது. 960-ஐ 6-ஆல் பெருக்கி 11-ஆல் வகுத்தால் 524 நியூட்டன். நம் வழக்கில் 53 கிலோ எடை. தள்ளியை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தி 10 மீட்டரில் வைத்தால் அதே வேலைக்கு 576 நியூட்டன் வேண்டும். எனவே குழாய் எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு இலாபம். ஆனால் முன்னால் போகப்போகப் படகின் அடி மேலெழுந்துவிடுகிறது. குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே குழாயின் விட்டத்தில் பாதியளவேனும் ஆழ்ந்திருக்க வேண்டும். முக்காலளவு இருந்தால் நன்று. இல்லாவிட்டால் விசிறி மேலிருந்து காற்றை உறிஞ்சி, நுரையைக் கடைந்துகொண்டு நிற்கும். இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவே இடம் தேடுவதுதான் தேர்வின் முதற்பாதி.

60 கிலோ உதையுள்ளது போதும் என்று எழுதினேன். படகுக்குரியவர் பார்த்து வைத்திருந்தது 100 கிலோ. பெரியது இருந்தால் நல்லதுதானே என்று அவர் கேட்டது இயல்பு. அதற்கு விடை தள்ளியில் இல்லை. அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் செம்புக் கம்பியில் இருக்கிறது.

இவ்விடத்தில் நண்பர்களை எங்கள் ஊருக்கே அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. தங்கவயலின் பொறிகள் முதலில் நீராவியால் ஓடின. விறகும் கரியும் கொண்டுவந்து மாளவில்லை. காவிரி சிவசமுத்திரத்தில் விழுகிறது; அந்த நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து இங்கே கொண்டுவருவது என்று மைசூர் அரசு துணிந்தது. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் தொடங்கிய பணி. அவர் 1901-இல் காலமானார். 1902 ஜூனில் மின்சாரம் வந்தது. இடையில் 92 மைல். அந்நாளில் உலகிலிருந்த நெடுந்தொலைவு மின்தொடர்களுள் இதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். நகரத்துக்கு முன்னே சுரங்கத்துக்கு வெளிச்சம் வந்தது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வதில் பிழை இல்லை.

92 மைல் தொலைவு அம்மின்சாரத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? 30,000 வோல்ட்டுக்குக் குறையாத உயர் அழுத்தத்தில். திறன் என்பது அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கக் கிடைப்பது. கம்பியில் வெப்பமாக வீணாவதோ மின்னோட்டத்தின் இருமடியையும் கம்பியின் தடையையும் பெருக்கக் கிடைப்பது. மூன்று தறுவாய் மின்சாரத்தின் நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு ஓர் எளிய கணக்குப் பார்ப்போம். 3,000 கிலோவாட் திறனை 30,000 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் ஓடும். அதையே 300 வோல்ட்டில் அனுப்பினால் 10,000 ஆம்பியர். ஓட்டம் நூறு மடங்கு. அதே கம்பியில் இழப்பு பதினாயிரம் மடங்கு! ஒரு வாட் கூடத் தங்கவயல் வந்து சேர்ந்திராது. கம்பி வழியிலேயே உருகி விழுந்திருக்கும்.

என் தாத்தா சுரங்கத்தின் மின்பிரிவில் வேலை பார்த்தவர். சூத்திரம் எழுதத் தெரியாது. "வயரு சூடானா, நீ குடுத்த கரண்டு வேலைக்குப் போகலடா, வழியிலேயே உக்காந்துடுச்சு" என்பார். ஜூல் விதியை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடநூலை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாய்ப்படகில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இங்கே அழுத்தம் வெறும் 12 வோல்ட். 60 கிலோ உதையுள்ள தள்ளி ஏறத்தாழ 300 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் ஒரு மின்விசிறி ஓட அரை ஆம்பியர் கூட வேண்டாம். தொலைவு 92 மைல் அன்று, ஒன்பது மீட்டர்தான். ஆனால் ஓட்டம் பெரிது. சித்தப்பாவின் படகில் பாட்டரிகள் அமரத்துப் பக்கம் இருக்கின்றன. நங்கூரம் தூக்கும் பொறிக்காக அணியம் வரை 35 சதுர மில்லிமீட்டர் கம்பி முன்பே போடப்பட்டிருந்தது. அதிலேயே இணைத்துவிடலாம் என்பது எண்ணம். போக ஒன்பது, வர ஒன்பது, ஆகப் பதினெட்டு மீட்டர். செம்பின் தடையைக் கொண்டு கணக்கிட்டால் இந்தக் கம்பியின் தடை 0.009 ஓம். முந்நூறு ஆம்பியருக்கு 2.7 வோல்ட் வழியிலேயே போய்விடும்; 810 வாட் வெப்பம் கம்பிக்குள் உண்டாகும். பன்னிரண்டில் 2.7 போனால், பாட்டரியும் சுமையில் சற்றுத் தாழும், மோட்டாருக்குக் கிடைப்பது ஒன்பதின் அருகே. மோட்டாரின் சுழற்சி குறையும். விசிறியின் உதை சுழற்சியின் இருமடியைப் பொறுத்தது. சுழற்சி பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே உதையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். இதே கம்பியில் 100 கிலோத் தள்ளியை இணைத்தால்? ஓட்டம் இன்னும் ஏறும், இழப்பு அதன் இருமடியில் ஏறும். பெரிய மோட்டார் வாங்கிச் சிறிய மோட்டாரின் வேலையைப் பெறுவோம். கம்பி தீப்பிடிக்கும் அச்சம் மிச்சம்.

95 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் தடை 0.0033 ஓம், இழப்பு ஒரு வோல்ட், 300 வாட். இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. செம்பு மட்டும் பதினைந்து கிலோ எடை வரும். 24 வோல்ட் மோட்டார் வாங்கினால் ஓட்டம் பாதி, 150 ஆம்பியர். அதே கம்பியில் இழப்பு காற்பங்கு, 75 வாட். சிவசமுத்திரத்துக் கணக்கு அப்படியே இங்கே திரும்பி வருவதைக் காண்கிறீர்கள். ஆனால் 12 வோல்ட்டுப் படகில் இரண்டாவது பாட்டரித் தொகுதியும் அதை நிரப்ப ஒரு மாற்றியும் வைக்கவேண்டும். தாரிணி அளவுள்ள படகாயின் நான் தயங்காமல் 24 வோல்ட் என்பேன். பன்னிரண்டு மீட்டருக்குத் தடித்த கம்பியே நேரிய வழி.

பாட்டரியையே அணியத்தில் வைத்துவிட்டால் கம்பி இரண்டு மீட்டரில் முடிந்துவிடுமே என்று சிலர் கேட்பர். எஞ்சின் படகுக்கு அது சரி. பாய்ப்படகுக்கு மூக்கில் எடை ஆகாது. 50 கிலோ எடை படகின் நடுவிலிருந்து ஒரு மீட்டரில் இருப்பதற்கும் ஐந்து மீட்டரில் இருப்பதற்கும் நிலைமத் திருப்புத்திறனில் இருபத்தைந்து மடங்கு வேற்றுமை உண்டு. அலையில் மூக்கு முழுகும், எழ நேரமாகும், வேகம் கெடும். ஆண்டு முழுவதும் கடலில் படும் துன்பத்தைத் துறையில் இரண்டு நிமிட வசதிக்கு விலையாகக் கொடுப்பது எனக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை.

100 கிலோத் தள்ளிக்கும் 60 கிலோத் தள்ளிக்கும் உள்ள விலை வேற்றுமை தடித்த கம்பிக்குப் போயிற்று. உரியவர் அரைமனத்தோடு இசைந்ததாகச் சித்தப்பா சொன்னார். பட்டியலில் அச்சிட்ட உதை எந்த வோல்ட்டில் அளந்தது என்பதையும் பார்க்கச் சொன்னேன். சிலர் 12-இல் அளந்து போடுகிறார்கள், சிலர் 10.5-இல். பின்னதே நம்பத்தக்கது.

பொருத்தும் வேலை, படகைக் கரையேற்றியபின். நல்ல படகில், நீர்மட்டத்துக்குக் கீழே, வேண்டுமென்றே இரண்டு பெரிய ஓட்டைகள் போடுகிறோம் என்பதை மறக்கலாகாது. குழாயின் விட்டம் சுமார் 185 மில்லிமீட்டர். இரு பக்கங்களிலும் மையத்தைக் குறித்து, முதலில் சிறு துளை இட்டு, ஒரு நேரான கம்பியை இரண்டு துளைகளிலும் செலுத்திப் பார்க்கவேண்டும். அக்கம்பி நீர்மட்டத்துக்கு இணையாகவும், படகின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகவும் நிற்க வேண்டும். பின் அதே கம்பியை அச்சாகக் கொண்டு ஒரு கவராயம் போல் கோலைச் சுழற்றினால், சரிந்த பக்கத்தில் நீள்வட்டமாகக் கோடு விழும். அக்கோட்டில்தான் அறுக்க வேண்டும். வெறும் வட்டம் வரைந்து அறுத்தால் குழாய் நுழையாது.

குழாயைச் செருகியபின் அதைப் படகோடு ஒன்றாக்குவது கண்ணாடி இழையும் பிசினும். வெளிப் பூச்சைச் சுரண்டி, விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, உள்ளும் புறமும் பல படலங்கள் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு படலமும் அதற்கு முந்தியதைவிட அகலமாக இருக்கவேண்டும். படகின் சுவர் நடுவில் தக்கைமரம் வைத்த இரட்டைச் சுவராயின், விளிம்பில் அத்தக்கையைத் தோண்டி எடுத்துவிட்டுப் பிசினால் நிரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் நீர் தக்கை வழியே கசிந்து, சில ஆண்டுகளில் மூக்கு முழுவதும் ஊறிப்போகும்; வெளியே ஒன்றும் தெரியாது. குழாயின் வாய்களைக் கூர்மையாக விடாமல் உருட்ட வேண்டும். வாயின் பின்விளிம்பைச் சற்றுக் குடைந்துவிட்டால் பாயோடு ஓடும்போது நீர் அதில் மோதி நிற்காமல் வழுக்கிப் போகும். பந்தயக்காரர்கள் இந்த ஓட்டையே ஆகாது என்பார்கள். அவர்களுக்காக, வேண்டும்போது கீழே இறங்கி வேலை முடிந்ததும் உள்ளே மடங்கிக்கொள்ளும் தள்ளிகள் உண்டு. விலையும் இடமும் மிகுதி. ஓட்டையே இன்றி வெளியில் மாட்டும் வகையும் உண்டு.

தள்ளி இருக்கும் அறையை மற்ற அறைகளிலிருந்து நீர் புகாத தடுப்பால் பிரித்துவிடுவது நலம். பாட்டரிக்கு மிக அருகில் ஓர் உருகியும், கையால் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். இணைப்புகளை அழுத்திப் பிடித்த செம்புக் காதுகளால் செய்ய வேண்டும். ஒரு தளர்ந்த திருகின் தடை 0.002 ஓம் ஆனாலும் 300 ஆம்பியருக்கு 180 வாட் அந்த ஒரு முனையில் பிறக்கும். ஈயம் பற்றவைக்கும் கோல் நாலைந்தை ஒரே இடத்தில் வைத்தது போல. படகை நீரில் இறக்கியதும் மூடிகளைப் போடாமல், குழாயைச் சுற்றி விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு தள்ளியை ஓட்டிக்கொண்டே மோட்டாரின் முனைகளில் வோல்ட்டை அளக்க வேண்டும். பாட்டரியில் அளப்பது வீண். அது எப்போதும் நல்ல செய்தியே சொல்லும். சித்தப்பாவின் படகில் மோட்டார் முனையில் 10.6 வந்தது.

ஓட்டுவதிலும் சில உண்டு. இந்த மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்கானதன்று. இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறிவிடும். ஒரு நொடி, இரண்டு நொடி என்று தட்டித் தட்டி ஓட்டவேண்டும். படகு இரண்டு கடல்மைல் வேகத்துக்கு மேல் போனால் தள்ளியின் வலிமை குன்றிவிடும். ஆகவே சுக்கான் ஓயும் இடத்தில்தான் இது தொடங்குகிறது. சுவரை ஒட்டி நின்று விலக முயன்றால், தள்ளிய நீர் சுவரில் பட்டுத் திரும்பி வந்து பாதி வேலையைக் கெடுக்கும். அருகே எவரேனும் நீந்தினாலும் கயிறு நீரில் கிடந்தாலும் பொத்தானைத் தொடவே கூடாது.

பேணுதலில் நம் பக்கத்துக் கடலுக்கென்று ஒரு தனித்தொல்லை உண்டு. வெதுவெதுப்பான நீரில் கொட்டலசு விரைவாகப் படரும். குழாய் இருட்டாகவும் அசைவற்றும் இருப்பதால் அதற்கு நல்ல வீடு. விசிறியின் இதழ்களில் ஒரு விரற்கடை படர்ந்துவிட்டால் பாதி உதை போய்விடும். குழாயின் உட்புறத்துக்கு நச்சுப்பூச்சுப் பூசலாம். துருவைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகக் கட்டியின்மேல் மட்டும் பூசலாகாது, பூசினால் அது வேலை செய்யாது. சித்தப்பா மாதம் ஒரு முறை மூழ்கிச் சுரண்டுகிறார். போகுமுன் சுவிட்சைத் துண்டித்து, உருகியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்.